நாயின் பாதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பதினெட்டு நகமும் அதற்கு மேல் வருகிற ஒட்டு நகமும்

என் நாய் செவலையைப் பாலாற்றுப் பாலத்துக்கு அடியில் கண்டெடுத்தபோது அவளுக்கு நாற்பது நாள் இருக்கும். ஆடு ஓட்டிக்கொண்டு போன பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "நகம் எத்தினி கீது, எண்ணிப் பாத்தியா தம்பி? இருபது இருந்தா உட்றாத, தூக்கினு போ" என்றார். நான் எண்ணவில்லை. துண்டில் சுற்றிக்கொண்டு காட்பாடிக்கு வந்துவிட்டேன்.

ஒன்பது மாதம் போனது. ஒரு மே மாத இரவு, அவள் இடது பின்னங்காலை விடாமல் நக்கிக்கொண்டே இருந்தாள். டார்ச் அடித்து மயிரை விலக்கினேன். பாதத்துக்குக் கொஞ்சம் மேலே, காலின் உள்பக்கத்தில், தரையைத் தொடாத உயரத்தில் ஒரு சின்ன விரல். அதன் நகம் வளைந்து வளைந்து முழு வளையமாகி, நுனி அவள் தோலுக்குள்ளேயே இறங்கியிருந்தது. சுற்றிலும் சிவந்து, ஈரம் கசிந்து, லேசாக நாற்றம் வந்தது. வலது காலிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது, அது இன்னும் குத்தவில்லை. பெரியவர் சொன்ன இருபதில் கூடுதலான இரண்டு இவைதான். அன்றைக்கே எண்ணியிருந்தால் அந்தப் புண் வந்திருக்காது.

அந்த விரலை டாக்டர்கள் டியூக்ளா என்கிறார்கள். எங்கள் தெருவில் ஒட்டு நகம். நானும் அப்படியே எழுதுகிறேன். நாய் வளர்ப்பவர்கள் பலரும் இதில் ஒரு தவறு செய்கிறார்கள். முன்னங்காலில் இருப்பதையும் பின்னங்காலில் இருப்பதையும் ஒன்றாகப் போட்டு, "வேஸ்ட் விரல், குட்டியிலேயே வெட்டிடலாம்" என்கிறார்கள். முன்னங்காலில் இருப்பது கூடுதல் விரலே கிடையாது. அது நாயின் கட்டைவிரல். பின்னங்காலில் சில நாய்களுக்கு மட்டும் வருவதுதான் உண்மையில் கூடுதல். இரண்டையும் பிரித்துப் பார்க்க, பாதத்தை முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு படியாகப் போகலாம். நாயைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

படி 1: காலைக் கொடுக்கப் பழக்குங்கள்

எந்த நாய்க்கும் பாதத்தைப் பிடித்தால் பிடிக்காது. அதனால் ஆராய்ச்சியை முதல் நாளே ஆரம்பிக்காதீர்கள். நடை முடிந்து, சாப்பிட்டு, அசந்து கிடக்கும் நேரம் பாருங்கள். முகத்துக்கு நேராக உட்காராமல் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள். தோள்பட்டையில் கை வைத்து, முழங்கை, மணிக்கட்டு என்று மெதுவாகக் கீழே இறக்கி, பாதத்தை ஒரு மூச்சு நேரம் தொட்டுவிட்டு விடுங்கள். உடனே வேகவைத்த முட்டைத் துண்டோ கோழித் துண்டோ கொடுங்கள். இழுத்துக்கொண்டால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். நீங்கள் இறுக்கினால் அது அடுத்த முறை இன்னும் சீக்கிரம் இழுக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு கால், பத்து வினாடி போதும். செவலைக்குப் பத்து நாள் ஆனது. தெருவிலிருந்து வந்த பெரிய நாய் என்றால் ஒரு மாதம்கூட ஆகலாம், பரவாயில்லை. காலைத் தூக்கும்போது பக்கவாட்டில் விரித்து இழுக்கக் கூடாது. நாயின் கால் முன்னும் பின்னும் போகத்தான் அமைந்தது, நம் கை மாதிரி அகலமாகத் திறக்காது. உடம்புக்கு அடியிலேயே, மடக்கின வாக்கில் தூக்குங்கள்.

படி 2: எண்ணுங்கள்

முன்னங்கால் ஒன்றுக்கு ஐந்து நகம். நான்கு தரையில் ஊன்றும், ஐந்தாவது உள்பக்கம் மேலே இருக்கும். பின்னங்கால் ஒன்றுக்கு நான்கு. ஆக மொத்தம் பதினெட்டு. இதுதான் பெரும்பாலான நாய்களின் கணக்கு. பின்னங்கால் இரண்டிலும் ஒட்டு நகம் இருந்தால் இருபது. ஒரு காலில் மட்டும் வந்தால் பத்தொன்பது, அதுவும் உண்டு. ஒரே காலில் இரட்டையாக வருவதும் உண்டு.

கண்ணால் பார்த்து எண்ணாதீர்கள், விரலால் தடவி எண்ணுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி குட்டை மயிர் நாய்களுக்குப் பார்த்தாலே தெரியும். பொமரேனியன், ஸ்பிட்ஸ், கோல்டன் ரெட்ரீவர் என்றால் நகம் மயிருக்குள் ஒளிந்திருக்கும். முன்னங்காலில் நான்குதான் கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் குட்டியிலேயே யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த இடத்தில் சின்ன மேடோ தழும்போ விரலுக்குத் தட்டும்.

இருபது நகம் அதிர்ஷ்டம், வேட்டைக்குக் கெட்டி என்பது பெரியவரின் நம்பிக்கை. எண்ணிக்கைக்கும் நாயின் கெட்டிக்காரத்தனத்துக்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் குட்டி கைக்கு வந்ததும் நகத்தை எண்ண வைக்கிற ஒரு வழக்கம் நம் ஊரில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எதற்காக எண்ணினாலும், எண்ணுகிற கை அந்த நாலு காலையும் தொட்டுவிடுகிறது.

படி 3: நாய் எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள்

உங்கள் உள்ளங்கையை மேஜை மேல் வையுங்கள். இப்போது மணிக்கட்டையும் உள்ளங்கையையும் தூக்கி, விரல்களில் மட்டும் ஊன்றுங்கள். நாய் நாள் முழுக்க நிற்பது இப்படித்தான். அதன் முன்னங்காலில் நாம் முட்டி என்று நினைக்கிற இடம் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு குதிகால், அது தரையைத் தொடுவதே இல்லை.

மணிக்கட்டில் ஏழு சிறு எலும்புகள். ஊன்றும் நான்கு விரல்களில் ஒவ்வொன்றிலும் மூன்று எலும்பு, ஒட்டு விரலில் இரண்டு. கூட்டிப் பாருங்கள், பதினான்கு. நம் ஒரு கையின் விரல் எலும்புகளும் பதினான்குதான். நமக்கும் கட்டைவிரலில் இரண்டு, மற்ற நான்கிலும் மூன்று. ஐந்தாவது விரலைக் கூடுதல் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை அவர்களிடம் சொல்லுங்கள்.

இனி பாதத்தின் அடிப்பக்கம். ஒவ்வொரு விரலுக்கும் கீழே ஒரு சின்ன மெத்தை, நடுவில் இதய வடிவத்தில் ஒரு பெரிய மெத்தை. முன்னங்காலில் மட்டும், மணிக்கட்டுக்குப் பின்னால் தனியாக ஒன்று முளைத்தது போல் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மரு என்று பயந்து டாக்டரிடம் ஓடியவர்கள் உண்டு. அது மருவே இல்லை. நாய் வேகமாக ஓடி வந்து நிற்கும்போதும், உயரத்திலிருந்து குதிக்கும்போதும் மணிக்கட்டு தரையை நோக்கி மடங்கும். அப்போது உராய்ந்து பிரேக் போடுவது இந்த மெத்தைதான்.

மெத்தையின் உட்பகுதியை நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் செருப்பு, ஷூ செய்கிற கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்: தரையில் தேய்கிற அடி வேறு, பாரத்தை வாங்குகிற மெத்தை வேறு என்பார்கள். நாயின் பாதமும் அப்படித்தான். வெளியே தடித்த, சொரசொரப்பான தோல். உள்ளே நீளும் நார்களால் அறை அறையாகத் தடுக்கப்பட்ட கொழுப்பு. எடை விழும்போது அது அமுங்கி விரிந்து, மறுபடி பழையபடி ஆகும்.

நாய்க்குச் சட்டை நனைகிற வியர்வை கிடையாது என்பார்கள். ஆனால் பாத மெத்தையில் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. டாக்டரின் ஸ்டீல் மேஜையில் ஏற்றியதும், பயத்தில் செவலையின் நாலு காலும் ஈரத் தடம் பதிக்கும். உடம்புச் சூட்டைத் தணிக்க அது போதாது, அந்த வேலையை நாக்கைத் தொங்கப் போட்டு இளைக்கும் மூச்சுதான் செய்கிறது.

மெத்தைச் சூடு: வேலூரில் இது தனிப் பாடம்

கத்தரி வெயிலில் வேலூர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதுச் செய்தி இல்லை. சுற்றிலும் பாறை மலை, நடுவில் தார் ரோடு. காற்று 40 என்றால் நேர் வெயிலில் கிடக்கும் தார் 60 டிகிரியைத் தாண்டக்கூடும். கோடையில் கோயில் பிரகாரங்களில் சணல் விரிப்பு போட்டு, தண்ணீர் தெளிக்கிறார்கள் அல்லவா? நம் காலுக்கு அது வேண்டியிருக்கிறது. நாய்க்குப் பழகிவிடும் என்று மட்டும் எப்படி நினைக்கிறோம்?

நடைக்குக் கிளம்பும் முன் உங்கள் புறங்கையைத் தாரில் வைத்து ஏழு வினாடி எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் முன் கையை எடுத்தீர்கள் என்றால் நாயை அதில் நடத்தக் கூடாது. உள்ளங்கையை வைக்காதீர்கள், அது காய்த்துப் போன தோல், பொய் சொல்லும். ஏப்ரல், மே, ஜூனில் காலை ஆறரைக்குள் நடையை முடியுங்கள். மாலையில் சூரியன் இறங்கியதும் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், தார் இரவு எட்டு மணி வரைகூடச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மண் பாதை, புல், மரத்தடி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

சுட்டுவிட்டால் மெத்தை நிறம் மங்கி, கொப்பளித்து, ஓரத்தில் தோல் உரியும். நாய் நடக்காமல் நின்றுவிடும், அல்லது காலை மாற்றி மாற்றித் தூக்கும். உடனே சாதாரணக் குளிர்ந்த தண்ணீரைப் பத்து நிமிடமாவது ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். காபித்தூள், சுண்ணாம்பு, டூத்பேஸ்ட் எதுவும் அப்பாதீர்கள். கொப்பளம் இருந்தால் டாக்டர்தான்.

படி 4: நகத்தைப் பாருங்கள்

நம் நகம் விரல் மேல் ஒட்டின தகடு. நாயின் நகம் அப்படி இல்லை, விரலின் கடைசி எலும்பையே உறை போல் மூடியிருக்கிறது. அதற்குள் ரத்தமும் நரம்பும் ஓடுகிற சதை இருக்கிறது. நம் நகக்கண் எவ்வளவு கூசுமோ அவ்வளவு கூசும், அதனால் அதையும் நகக்கண் என்றே சொல்வோம். வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். கருப்பு நகத்தில் தெரியாது. நம் நாட்டு நாய்களுக்குப் பெரும்பாலும் கருப்பு நகம்தான்.

ரோட்டில் நடக்கிற நாய்க்கு ஊன்றும் நகங்கள் தானாகத் தேயும். டைல்ஸ் தரையில் "டக் டக்" என்று சத்தம் கேட்டால் தேயவில்லை என்று அர்த்தம். ஒட்டு நகம் எவ்வளவு நடந்தாலும் தேயாது. தரையைத் தொட்டால்தானே தேயும்.

படி 5: முன்னங்கால் ஒட்டு விரலை அசைத்துப் பாருங்கள்

கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதன் அடியைப் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். தொங்கும் தோல் போல் ஆடாது. ஒரு மூட்டு மடங்குவது விரலுக்குத் தெரியும். எலும்பு இருக்கிறது, தசைநாண் வந்து ஒட்டுகிறது, நாய் தன் விருப்பப்படி ஓரளவு அசைக்கவும் செய்கிறது.

அது என்ன செய்கிறது என்பதை நான் பாலாற்றில்தான் பார்த்தேன். 2021 நவம்பரில் ஆற்றில் பெரு வெள்ளம் வந்து வடிந்த பிறகு, வருடக் கணக்கில் காய்ந்து கிடந்த மணல் ஈரமாக, அழுத்தினால் அச்சு விழுகிற பதத்தில் இருந்தது. செவலை நடந்து போன இடத்தில் நான்கு விரல், ஒரு மெத்தை, அவ்வளவுதான். ஒரு கொக்கைத் துரத்தி ஓடினாள் பாருங்கள், அந்தத் தடத்தைக் குனிந்து பார்த்தேன். விரல்கள் அகன்று, மண் பின்னால் வாரித் தெறித்திருந்தது. முன்னங்கால் பதிந்த இடங்களில், உள்பக்கமாகக் கொஞ்சம் பின்னால், ஐந்தாவதாக ஒரு கீறல். அவள் சட்டென்று திரும்பிய இடத்தில் அது இன்னும் ஆழமாக, கத்தியால் கிழித்தது போல் இருந்தது.

நாய் நடக்கும்போது தரையைத் தொடாத விரல், நாலுகால் பாய்ச்சலில் தொடுகிறது. அந்த வேகத்தில் மொத்த எடையும் ஒரு முன்னங்காலில் இறங்குகிற கணம் ஒன்று வரும். மணிக்கட்டு கிட்டத்தட்டத் தரை வரை மடங்கும். அப்போது கட்டைவிரல் தரையைப் பிடித்துக்கொள்கிறது. திரும்பும்போது கால் முறுக்கிக்கொள்ளாமல் அது தாங்கல் கொடுக்கிறது. ஓட்டப் பயிற்சி பெறும் நாய்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் இதை அழுத்திச் சொல்கிறார்கள்.

வீட்டிலேயே பார்க்க இன்னொரு வழி. ஒரு தேங்காய் மூடியோ பெரிய எலும்போ கொடுத்துவிட்டு, தரையோடு குனிந்து முன்னங்கால்களைப் பாருங்கள். செவலை மூடியை இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தி, ஒட்டு நகம் இரண்டையும் அதன் விளிம்பில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்வாள். மூடி வழுக்கினால் நகம் இன்னும் இறுகும். பிடிப்பதற்கென்று ஒரு விரல் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே.

வேலூரில் கட்டைவிரலின் அருமையைப் பற்றிப் பேசும்போது எனக்கு சி.எம்.சி. மருத்துவமனை நினைவுக்கு வராமல் இருக்காது. 1940களின் பிற்பகுதியில் அங்கே டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன கைவிரல்களுக்கு, நல்ல நிலையில் உள்ள தசைநாணை எடுத்து மாற்றி இணைத்து, மறுபடி பிடிக்கிற கையாக ஆக்கிக் காட்டினார். ஒரு விரலும் ஒரு தசைநாணும் எவ்வளவு பெரிய விஷயம் என்று உலகம் வந்து கற்றுக்கொண்ட ஊர் இது. அதே ஊரில், நன்றாக அசைகிற நாய்க்குட்டியின் கட்டைவிரலை "வேஸ்ட்" என்று சொல்லி வெட்டுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஒன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆப்பிரிக்கக் காட்டு நாய்க்கு முன்னங்காலிலும் நான்கு விரல்தான் வெளியே தெரியும். அது பிரமாதமாக ஓடுகிறது. ஆனால் 2020இல் அதன் காலைப் பிரித்து ஆராய்ந்தபோது, கட்டைவிரலின் எச்சம் தோலுக்கு அடியில் இருந்ததும், மணிக்கட்டின் கட்டமைப்பே தொலைதூர ஓட்டத்துக்கு ஏற்ப மாறியிருந்ததும் தெரிய வந்தன. அந்த மாற்றம் நம் வீட்டு நாய்க்கு இல்லை. விரலை வெட்டினால் விரல் போவதுதான் மிச்சம்.

படி 6: பின்னங்கால் ஒட்டு விரலை அசைத்துப் பாருங்கள்

இங்கேதான் கவனம் வேண்டும். அதே மாதிரி பிடித்து அசையுங்கள். இரண்டில் ஒன்று தெரியும். ஒன்று, உள்ளே எலும்பு தட்டும், அடியில் உறுதியாக இருக்கும். இல்லையென்றால் தோலில் தொங்கும் சின்னப் பை மாதிரி எல்லாப் பக்கமும் ஆடும், உள்ளே நகத்தைத் தாங்கும் துணுக்கு எலும்பு மட்டும் இருக்கும். செவலைக்கு இடது காலில் தொங்கல், வலது காலில் கொஞ்சம் உறுதி. ஒரே நாய்க்குள்ளேயே இரண்டும் இருந்தது.

ஓநாய்க்கு இயல்பாகப் பின்னங்காலில் இது கிடையாது. இத்தாலியில் பின்னங்கால் ஒட்டு நகத்தோடு சில ஓநாய்கள் கிடைத்தபோது, மரபணுவைச் சோதித்தார்கள். அவற்றின் முன்னோரில் நாய் கலந்திருந்தது. நாயாக மாறிய பிறகு வந்த விரல் இது.

எப்படி வருகிறது? கருவில் கால் உருவாகும்போது எத்தனை விரல், எந்தப் பக்கம் என்று கட்டளை போடும் ஒரு மரபணு இருக்கிறது. அந்த மரபணுவை எப்போது, எங்கே இயக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு சுவிட்ச், சற்றுத் தொலைவில், எல்எம்பிஆர்1 என்ற இன்னொரு மரபணுவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரு எழுத்து மாறினால், சுவிட்ச் தப்பான இடத்திலும் இயங்கி ஒரு விரல் கூடுதலாக முளைக்கிறது. நாய்களில் இந்த மாற்றத்தை 2008இல் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கும் பூனைக்கும் ஆறு விரல் வருவதற்கும் இதே இடத்தில் நடக்கும் மாற்றங்கள் ஒரு காரணம்.

சில நாடுகளின் நாய் இனங்களில் இதை விரும்பியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பிரான்சின் போசெரோன், பிரியார்ட், பைரனீஸ் மலையில் ஆடு காக்கும் பெரிய வெள்ளை நாய், இவற்றுக்குப் பின்னங்காலில் இரட்டை ஒட்டு நகம் இருக்க வேண்டும் என்று நாய்க் கண்காட்சிக்கான இன வரையறையே சொல்கிறது. நார்வேயின் லுண்டஹுண்ட் இன்னும் வியப்பு: ஒவ்வொரு காலிலும் குறைந்தது ஆறு விரல், எலும்போடும் தசையோடும். வழுக்கும் கடற்பாறையில் ஏறி, பொந்துக்குள் இருக்கும் பஃபின் பறவையைப் பிடித்து வர வளர்த்த நாய் அது. அங்கே கூடுதல் விரல் நிஜமாகவே வேலை செய்கிறது. நம் வீட்டு நாயின் பின்னங்கால் தொங்கலுக்கு அப்படி ஒரு வேலையும் இல்லை. கேடும் இல்லை, நகத்தை மட்டும் வெட்டிவந்தால்.

படி 7: நகம் வெட்டுங்கள்

தேவையானவை: நாய்க்கென்று விற்கும் நகவெட்டி, நல்ல வெளிச்சம், ஒரு பருத்தித் துணி, படிகாரத் தூள். சலூனில் ஷேவ் பண்ணி முடித்ததும் தேய்ப்பார்களே, அதே படிகாரக் கல்தான், பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் கார்ன்ஃப்ளோர் எனப்படும் மக்காச்சோள மாவு. மனிதருக்கான நகவெட்டி வேண்டாம், நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும்.

ஒட்டு விரலைக் காலிலிருந்து விலக்கி, அடியில் உங்கள் விரலால் தாங்கிக்கொள்ளுங்கள். தாங்காமல் வெட்டினால், நாய் இழுக்கும்போது அந்த விரல் முறுக்கிக்கொள்ளும். நகம் வளைகிற போக்கில் சற்றுச் சாய்வாக, நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டராகச் சீவுங்கள். ஒரே வெட்டில் முடிக்க நினைக்காதீர்கள்.

கருப்பு நகத்தில் ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் வெட்டுப்பட்ட முகத்தைப் பாருங்கள். முதலில் உலர்ந்து, வெளிறி, சுண்ணாம்பு போல் இருக்கும். பிறகு நடுவில் ஈரப்பதமான, சாம்பல் அல்லது கருநிறப் பொட்டு ஒன்று தெரியும். அது நகக்கண்ணின் வாசல். அங்கே நிறுத்துங்கள்.

ரத்தம் வந்துவிட்டால் பதறாதீர்கள், கத்தாதீர்கள், நாய் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். படிகாரத் தூளைத் துணியில் வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் வந்தால் டாக்டரிடம் போங்கள்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒட்டு நகம் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் பாருங்கள். நீளமாக விட்ட நகத்தில் நகக்கண்ணும் நீண்டிருக்கும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால் அது மெல்லப் பின்வாங்கும்.

படி 8: விரல் இடுக்கைப் பாருங்கள்

விரல்களை மெதுவாக விரித்து டார்ச் அடியுங்கள். பாலாற்றுப் பக்கம் நடக்கிற நாய்க்கு நெருஞ்சி முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் நிச்சயம். நெருஞ்சி மெத்தையில் மேலாகக் குத்தும், எடுத்துவிடலாம். கருவேல முள் உள்ளே முறிந்து தங்கும். விரல் இடுக்கில் ஒரு வீக்கம், நடுவில் சின்ன ஓட்டை, அதிலிருந்து நீர் கசிகிறது என்றால் உள்ளே முள்ளோ புல்லின் ஊசியோ இருக்கலாம். பிதுக்காதீர்கள். உண்ணிகள் ஒளிய மிகவும் விரும்பும் இடமும் இதுதான். ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நடந்து வந்தால் இடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், நக்கி நக்கி மயிர் செம்பழுப்பாகும்.

எப்போது டாக்டரிடம்?

நகம் தோலுக்குள் இறங்கியிருந்தால் நீங்களே இழுக்காதீர்கள். செவலைக்கு டாக்டர் வளையத்தை இரண்டு இடத்தில் நறுக்கி, உள்ளே இருந்த துண்டை வந்த வழியே வளைவாக எடுத்தார். நான் நேராக இழுத்திருந்தால் கிழித்திருப்பேன். போகும் வரை, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்புப் போட்டுக் கழுவுங்கள். திறந்த புண்ணில் ஈ உட்கார விடாதீர்கள், நம் ஊர் வெயிலில் ஓரிரண்டு நாளில் புழு வைத்துவிடும்.

ஒட்டு நகம் பாதி பிய்ந்து தொங்கினால், துணியைத் தளர்வாகச் சுற்றி அப்படியே அழைத்துப் போங்கள். இறுக்கிக் கட்டினால் பாதம் வீங்கும். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமால், டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் எதையும் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான அந்த மாத்திரைகள் நாயின் வயிற்றையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், உயிரே போகலாம்.

எடுத்துவிடலாமா?

முன்னங்கால் என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். எலும்பு முறிந்து சேராமல் போனால், மூட்டில் சீழ் வைத்தால், கட்டி வந்தால் அது வேறு விஷயம், டாக்டர் சொல்வார். எதிர்காலத்தில் பிய்ந்துவிடுமோ என்ற பயத்துக்காக ஆரோக்கியமான விரலை எடுப்பது சரியில்லை. குட்டி பிறந்த மூன்று முதல் ஐந்து நாளுக்குள் எடுத்துவிடுவது வளர்த்து விற்கிறவர்கள் பலரின் வழக்கம். குட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் முன்பணம் கொடுக்கும்போதே, "முன்னங்கால் விரலை எடுக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். பிறந்த பிறகு சொன்னால் தாமதம்.

பின்னங்கால் என்றால், படி 6இல் விரலுக்குத் தெரிந்ததை வைத்து முடிவு செய்யலாம். எலும்போடு உறுதியாக இருந்தால் விட்டுவிட்டு நகம் மட்டும் வெட்டுங்கள். வெறும் தோலில் தொங்கி, புதரிலும் வேலியிலும் மாட்டித் திரும்பத் திரும்பப் பிய்கிறது என்றால் எடுப்பதில் தப்பில்லை. வளர்ந்த நாய்க்கு அது மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஆபரேஷன். கருத்தடை ஆபரேஷன் செய்யும்போதே சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள், இரண்டு தடவை மயக்கம் வேண்டாம். பிறகு தையல் பிரிக்கும் வரை, பத்துப் பன்னிரண்டு நாள், கழுத்தில் கூம்பு மாட்டி, நக்க விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செவலைக்கு அப்படித்தான் நடந்தது. கருத்தடையோடு இடது தொங்கலை எடுத்தார்கள், வலது பக்கத்தை விட்டுவிட்டார்கள். இப்போது அவளுக்குப் பத்தொன்பது நகம். மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, படிகாரத் தூள் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் வந்து பக்கத்தில் படுத்து, வலது பின்னங்காலை முதலில் நீட்டுகிறாள்.